சும்மா நிற்காத கேமரா

அலுவலகத்தில் அவளுக்குத் தலையாட்டி என்று பெயர். பெயரை மட்டும் கேள்விப்பட்டு, எதைச் சொன்னாலும் சரி சரி என்று தலையாட்டுகிற அப்பிராணி போலிருக்கிறது என்று நினைத்து அவளிடம் வேலை வாங்கப் போன புதியவர்கள், போன வேகத்தில் திரும்பி வந்திருக்கிறார்கள். அவள் வாயில் முதலில் "முடியாது" வரும். "என்ன விஷயம்?" என்பது அதற்குப் பிறகுதான்.

தலை ஆடுவது மட்டும் உண்மை. அவளுக்கு இடது கண்ணில் பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சொன்னால் ஒழிய யாருக்கும் தெரியாது. இரண்டு கண்ணும் பார்க்கிறவர்களுக்கு எது கிட்டத்தில் இருக்கிறது, எது எட்டத்தில் இருக்கிறது என்பது கேட்காமலே கிடைத்துவிடுகிறது. அவள் அதைத் தேடி எடுத்துக்கொள்ள வேண்டும். தலையை ஒரு பக்கம் சாய்த்து நிமிர்த்தினால் கிட்டத்தில் இருப்பது வெடுக்கென்று நகரும், எட்டத்தில் இருப்பது சோம்பேறித்தனமாக நகரும். அந்த வித்தியாசம் அவளுக்குப் போதும். சாலையைக் கடக்கும் முன், படியில் கால் வைக்கும் முன், பிளக்கைச் சுவரில் செருகும் முன், தலை தானாக ஒரு ஆட்டம் ஆடிவிடும். ஜன்னலில் வந்து உட்காரும் புறாவைக் காட்டி, "உன் சொந்தக்காரங்க வந்திருக்காங்க பாரு" என்று வீட்டுக்காரரே கேலி செய்வார்.

பள்ளிக்கூடத்துக்குக் கண் பரிசோதிக்க வந்த டாக்டர்தான் முதலில் கண்டுபிடித்தார். வலது கண்ணை அட்டையால் மறைத்து எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். "அட்டையை எடுங்க டாக்டர், மறைக்குதுல்ல" என்றாள். இன்னொரு கண்ணால் பார்க்கச் சொன்னார் டாக்டர். அப்படி ஒன்று உண்டு என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும். வீட்டில் அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பி அழுதார். நடுவில் நின்ற பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நேத்து எப்படி இருந்தேனோ அப்படியேதானே இருக்கேன், எதுக்கு அழறீங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை அந்த வீட்டில் யாரும் பதில் சொன்னதில்லை.

பதிலுக்குப் பதிலாக ஒரு பேச்சுதான் வந்து ஒட்டிக்கொண்டது. ஊசியில் நூல் கோக்க உட்கார்ந்தால், "உனக்குத் தெரியாது, இங்க குடு." டம்ளரில் பால் ஊற்றப் போனால், "உனக்குத் தெரியாது, தள்ளு." பாசத்தில் சொன்னதுதான், யார் இல்லையென்றது? ஆனால் பாசத்தோடு பிடுங்கினாலும் கையில் இருந்தது போனது போனதுதான். எதையெல்லாம் பிடுங்கினார்களோ அதையெல்லாம் அவள் ஒளித்துவைத்துச் செய்து பழகினாள். சுவரில் பந்தை எறிந்து எறிந்து பிடித்ததில் பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கே வந்துவிட்டார்கள். மூக்கில் பந்து பட்டு வீங்கிய நாட்களில் கதவில் இடித்துக்கொண்டதாகச் சொல்லிவைத்தாள்.

கல்லூரியில் அவள் எடுத்தது பாறையும் மண்ணும் படிக்கிற படிப்பு. அங்கே ஒரு பாடம் உண்டு. விமானத்திலிருந்து சற்றுத் தள்ளித் தள்ளி எடுத்த இரண்டு படங்களை அருகருகே வைத்து, ஒரு கருவி வழியாக இரண்டு கண்ணாலும் பார்த்தால் மலை மேலே எழும்பி நிற்கும், பள்ளம் கீழே இறங்கிவிடும். மற்ற பிள்ளைகள் ஆ என்று வாய் பிளந்தார்கள். அவளுக்கு இரண்டு தட்டையான படங்கள்தான் தெரிந்தன. இது உனக்குத் தெரியாதும்மா, விட்டுவிடு, பார்த்து மார்க் போடுகிறேன் என்றார் பேராசிரியர். அவள் விடவில்லை. ஒரு படத்தை இன்னொன்றின் மேல் வைத்து, மேலே இருந்ததை விரலால் தூக்கித் தூக்கிப் போட்டுப் பார்த்தாள். மலை துள்ளியது, பள்ளம் அசையாமல் கிடந்தது. எது மேடு எது பள்ளம் என்று சரியாகவே எழுதிக் கொடுத்தாள். கருவியைப் பயன்படுத்தவில்லை என்று சொல்லி அவர் மார்க்கைக் குறைத்தார். துறைத்தலைவர் வரைக்கும் போய்ச் சண்டை போட்டாள். அந்தச் சண்டையில் அவள் ஜெயிக்கவில்லை.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஆட்களை ஏற்றி இறக்குவதுதான் பிழைப்பு என்பதாலோ என்னவோ, மனிதர் எதற்கும் பதறமாட்டார். அவள் முதலில் வேலை பார்த்த கட்டடத்தில் லிஃப்டைச் சரிபார்க்க வந்தவர், மெல்ல அவளோடு பேச்சுக் கொடுத்தார். "பேசறதுன்னா வலது பக்கம் வந்து பேசுங்க, அந்தப் பக்கம் நின்னா நீங்க இருக்கறதே தெரியாது" என்றாள். வேறொருவராக இருந்தால் அடுத்து இரக்கப்பட்டிருப்பார். இவர் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வலது பக்கம் வந்து நின்று, விட்ட இடத்திலிருந்து பேசினார். கல்யாணம் செய்துகொள்ள அது போதுமான காரணம் என்று அவளுக்குத் தோன்றியது.

பூமிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று படம் போட்டுக் கொடுக்கும் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. தரையில் துளை போட்டும், அதிர்வு அனுப்பியும் சேர்த்துக்கொண்டு வருகிற அளவுகளையெல்லாம் கம்ப்யூட்டருக்குள் போட்டு, பாறை எங்கே, களிமண் எங்கே, தண்ணீர் எங்கே என்று முப்பரிமாணமாகக் காட்ட வேண்டும். சுரங்கப்பாதை தோண்டுகிறவர்களும் பெரிய கட்டடம் எழுப்புகிறவர்களும் வந்து பார்ப்பார்கள். எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு காட்டினால் உள்ளே இருப்பது தெரியாது என்பதால் பாறையைப் புகைபோல மெல்லிசாக்கி, உள்ளே தண்ணீரை நீலமாகவும் பாதையைச் சிவப்பாகவும் காட்டுவது வழக்கம்.

முதல் நாள் அந்த மென்பொருளில் மவுஸைப் பிடித்து இழுத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. திரைக்குள் பூமி அப்படியே இருக்கிறது. பார்க்கிற கேமராதான் அதைச் சுற்றி வருகிறது. இழுத்த இழுப்புக்குப் பக்கவாட்டில் போகிறது, தலைக்கு மேல் ஏறுகிறது, அடியில் புகுந்து அண்ணாந்து பார்க்கிறது. அது நகர்ந்த அந்தக் கணமே எது முன்னால், எது பின்னால் என்பது அவளுக்குப் பளிச்சென்று பிரிந்து நின்றது. பிறந்ததிலிருந்து கழுத்தை வைத்துச் செய்துகொண்டிருந்த வேலையை ஒரு விரல் செய்தது. இந்த இடம் எனக்காகவே கட்டியது என்று நினைத்தாள். அன்றிலிருந்து அவள் கையில் கேமரா சும்மா நின்றதே இல்லை.

மற்றவர்களுக்கு அது அவ்வளவு சுலபமாக வசப்படவில்லை. எதை மையமாக வைத்துச் சுற்றுகிறோம் என்பதைச் சரியாகக் குறிக்காமல் இழுத்துவிடுவார்கள். பூமி விருட்டென்று திரைக்கு வெளியே பறந்துவிடும். அப்புறம் வெறும் கறுப்புத் திரையை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். "ஒரு ஊரையே தொலைச்சிட்டு எப்படிங்க டீ குடிக்கிறீங்க?" என்பாள் அவள். பெரிதாக்குவது வேறு, கிட்டப் போவது வேறு என்று புதியவர்களிடம் கத்திக் கத்தி அவள் தொண்டை வறண்டுவிடும். பெரிதாக்கினால் இருந்த இடத்திலிருந்தே பூதக்கண்ணாடி பிடிப்பதுபோல எல்லாம் சேர்ந்து பெருக்கும், முன்பின் தெரியாது. கேமராவையே உள்ளே நகர்த்திக்கொண்டு போனால்தான் ஒவ்வொன்றும் பக்கத்தில் வந்து கடந்து போகும். தெருவைப் போட்டோவில் பார்ப்பதற்கும் தெருவில் நடந்து போவதற்கும் உள்ள வித்தியாசம் அது.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த வேளையில்தான் அலுவலகத்துக்குக் கண்ணாடி வந்தது.

ஒரு அறையையே இருட்டாக்கி, சுவர் அகலத்துக்குத் திரை கட்டி, ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்கள். திரை இடது கண்ணுக்கு ஒரு படமும் வலது கண்ணுக்கு ஒரு படமும் மாற்றி மாற்றிக் காட்டும். கண்ணாடி அதற்கேற்ப ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணைத் திறக்கும். போட்டுக்கொண்டவர்கள் காற்றில் கையை நீட்டிப் பாறையைத் தொடப் பார்த்தார்கள். மேலாளருக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் கெட்டவர் அல்ல. அவளுடைய வேலையை நாலு பேர் முன்னால் பாராட்டியவர்தான். ஆனால் புதுப் பொருள் எதைப் பார்த்தாலும் தலைகால் புரியாமல் போய்விடும்.

அவள் தன் பழக்கப்படி கேமராவைச் சுழற்றினாள். கண்ணாடி போட்டிருந்தவர்களுக்குத் தரையே சுழன்றது. கணக்குப் பிரிவு அதிகாரி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். போய்ச் சேரவில்லை, வராந்தாவிலேயே ஆகிவிட்டது. அதோடு மேலாளர் ஒரு விதி போட்டார். கண்ணாடி அறையில் கேமரா அசையக்கூடாது. முன்கூட்டியே தேர்ந்தெடுத்து நிறுத்திவைத்த கோணங்களை மட்டும் ஒவ்வொன்றாகக் காட்டினால் போதும். இரண்டு கண் இருக்கிறவர்களுக்கு அது போதுமானதாகத்தான் இருந்தது. அவளுக்கு அசையாத படம் என்பது சுவரில் பூசிய சாயம்.

அதற்கடுத்து கண்ணாடி அறையில் வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் பார்வைச் சோதனை வைத்தார்கள். புள்ளிகள் நிறைந்த அட்டையில் எது மேலே மிதக்கிறது என்று சொல்ல வேண்டும். அவளுக்கு எதுவும் மிதக்கவில்லை. ஒன்றும் மிதக்கவில்லை என்றே சொன்னாள். மேலாளர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, சுற்றி வளைத்து, தண்ணீர் குடித்து, கடைசியில் விஷயத்துக்கு வந்தார். வரைபடங்களை அச்சடிக்கும் பிரிவுக்கு அவளை மாற்றப்போகிறார். பதவியும் சம்பளமும் அப்படியே இருக்கும். நல்ல வெளிச்சமான அறை. முடியாது என்றாள். யோசித்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். யோசித்துவிட்டேன், முடியாது என்றாள்.

வீட்டில் வந்து கொட்டித் தீர்த்தபோது வீட்டுக்காரர் பழுதான மிக்ஸியைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். எல்லாம் கேட்டுவிட்டு, சம்பளம் குறையவில்லை என்றால் அச்சு அறையும் ஒரு அறைதானே, எதற்கு மல்லுக்கு நிற்கிறாய் என்றார். அவர் சொன்னதில் வஞ்சனை இல்லை. ஆனால் அவளுக்கு அம்மாவின் குரல் கேட்டது.

"அச்சு அறைக்கு நான் போறேன்னு வைங்க. அப்புறம் வாழ்நாள் பூரா நான் அந்தக் கேமராவைத் தொட முடியாது. எனக்கு உலகம் தெரியற ஒரே இடம் அதுங்க. உங்களை லிஃப்டைத் தொடாதே, லிஃப்ட் படத்தை மட்டும் வெட்டி ஒட்டுன்னு சொன்னா போவீங்களா?"

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "போக மாட்டேன்" என்றார்.

அவள் தினமும் வழக்கம்போலப் போய்த் தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தாள். அச்சுப் பிரிவிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டால், "இன்னும் வரல, வரவும் மாட்டேன்" என்று சொல்லி அனுப்பினாள். மேலாளர் வராந்தாவில் அவளைக் கண்டால் கைப்பேசியில் மூழ்கினார். நாற்காலியை எடுத்துவிடலாமா என்று யாரோ யோசனை சொன்னதாகவும், எடுத்தால் தரையில் உட்காருவாள் என்று அவர் மறுத்ததாகவும் காதில் விழுந்தது. அந்த அளவுக்கு அவளைத் தெரிந்துவைத்திருந்தார்.

அந்தச் சமயத்தில் ஒரு சுரங்கப்பாதை வேலை வந்திருந்தது. ஒரு தெருவுக்கும் ஒரு குன்றுக்கும் நடுவே மண்ணுக்கடியில் பாதை போக வேண்டும். வழியில் ஓரிடத்தில் தண்ணீர் தேங்கிய மணல் ஒரு பை போல உட்கார்ந்திருந்தது. அதைக் குத்திவிட்டால் தண்ணீரும் மணலும் பாதைக்குள் கொட்டும், மேலே தெரு உள்வாங்கும். எனவே அந்த இடத்தில் பாதையைப் பையிலிருந்து விலக்கி வளைக்க வேண்டும். தெருப்பக்கம் வளைப்பதா, குன்றுப்பக்கம் வளைப்பதா என்று முடிவெடுக்கப் பாதையின் தலைமை இன்ஜினியர் தன் ஆட்களோடு வருவதாக இருந்தது. படத்தைச் செய்தது அவள்தான். தன் பழைய சின்னத் திரையில் நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றிப் பார்த்துத்தான் செய்திருந்தாள். அந்த ஒரு கூட்டம் வரைக்கும் பொத்தானை அழுத்தி ஒவ்வொரு கோணமாகக் காட்டுவது அவள், மறுநாளிலிருந்து அச்சுப் பிரிவு என்று மேலாளர் சொல்லியிருந்தார். முதல் பாதியை மட்டும் அவள் காதில் வாங்கிக்கொண்டாள்.

தலைமை இன்ஜினியர் நடுத்தர வயதுப் பெண்மணி. சுருக்கமாகப் பேசுகிறவர், கூட்டம் வளவளவென்று போனால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பவர். எல்லோரும் கண்ணாடி மாட்டிக்கொண்டார்கள். திரையையும் கண்ணாடிகளையும் கொண்டுவந்து பொருத்திக் கொடுத்த கண்ணாடிக்காரரும் கருவிப்பக்கம் நின்றார். அன்று காலையில்தான் எதையோ பழுதுபார்க்கிறேன் என்று வயர்களையெல்லாம் கழற்றி மாட்டியிருந்தார். அவள் கண்ணாடி போடவில்லை. தெருப்பக்கமிருந்து பார்க்கும் கோணத்தைத் திரையில் கொண்டுவந்தாள். புகைபோன்ற மண்ணுக்குள் சிவப்புப் பாதையும் நீல மணல்பையும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து தெரிந்தன. இரண்டும் ஊடுருவித் தெரிவதால் எது எதை மறைக்கிறது என்று சொல்ல வழியில்லை.

பை பாதைக்குப் பின்னால், குன்றுப்பக்கம் இருக்கிறது என்று தலைமை இன்ஜினியர் சொன்னார். அவர் ஆட்களும் ஆமோதித்தார்கள். துல்லியமாகத் தெரிகிறது என்றார் ஒருவர், கையை நீட்டிக் காற்றில் அளந்துகொண்டு. அப்படியென்றால் பாதையைத் தெருப்பக்கம் வளைத்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்து, அடுத்த கோணத்தைக் காட்டச் சொன்னார்கள்.

அவள் பொத்தானை அழுத்தவில்லை.

"பை பின்னால இல்ல மேடம். முன்னால இருக்கு. தெருப்பக்கம் வளைச்சீங்கன்னா நேரா அதுக்குள்ளதான் போவீங்க."

இருட்டில் எல்லாக் கறுப்புக் கண்ணாடிகளும் அவள் பக்கம் திரும்பின. எட்டிப் பார்த்தவர்கள், மறுபடி திரையைப் பார்த்தவர்கள், இல்லையே பின்னால்தானே என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டவர்கள். அத்தனை பேருக்கும் ஒன்றுபோலத் தெரிகிறது, அவளுக்கு மட்டும் வேறு மாதிரி. மேலாளர் பக்கத்தில் வந்து குனிந்தார். மற்றவர்களுக்குக் கேட்கக்கூடாது என்று நினைத்து மெதுவாகத்தான் சொன்னார். அறை அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"உங்களுக்கு அது தெரியாதும்மா. விடுங்க."

அவளுக்கு அழுகை வந்தது. அது வந்ததில் இன்னும் கோபம் வந்தது. எத்தனை வயதானாலும் இந்த ஒரு வார்த்தை அவளைப் பால் டம்ளரோடு நிற்கும் பிள்ளையாக்கிவிடுகிறது. அன்று டம்ளரைக் கொடுத்துவிட்டாள். இப்போது கையில் இருந்தது மவுஸ்.

"சுத்தப் போறேன். வயிறு சரியில்லாதவங்க கண்ணாடியைக் கழட்டிக்கங்க" என்று அறைக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுக் கேமராவை இழுத்தாள்.

விதி அதோடு போயிற்று. மேலாளர் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். கேமரா நகர்ந்ததும் கண்ணாடிக்குள் என்னென்னவோ நடந்தது. பாறை நெளிந்தது, பாதை பாம்புபோலப் புரண்டது, ஒரு பக்கம் போக வேண்டியது மறுபக்கம் போனது. யாரோ ஐயோ என்று நாற்காலியைப் பிடித்தார். தலைமை இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றி, நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"மேடம், கண்ணாடி இல்லாமப் பாருங்க. ஓரம் கொஞ்சம் ரெட்டையாத் தெரியும், பரவாயில்ல. வேணும்னா ஒரு கண்ணையும் மூடிக்கங்க, ஒண்ணும் குறைஞ்சுடாது" என்றாள் அவள். "நான் இப்பப் பெரிசாக்கப் போறதில்ல. தெருவிலேருந்து கேமராவையே உள்ள கொண்டுபோகப் போறேன். எது முதல்ல வருதுன்னு நீங்களே சொல்லுங்க."

கேமரா மண்ணுக்குள் நுழைந்து, நடந்து போகிற வேகத்தில் முன்னேறியது. புகை விலகி விலகி வழிவிட்டது. நீலம் பெருத்துக்கொண்டே கிட்டத்தில் வந்தது. சிவப்பு எட்டத்திலேயே நின்றது. நீலம் திரையை முழுக்க மூடி, இரண்டு பக்கமும் வழிந்து, முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. அதற்குப் பிறகும் சிவப்புப் பாதை இன்னும் முன்னால்தான் கிடந்தது. அங்கே போய்த் தொடுவதற்கு இன்னும் கொஞ்சம் நடக்க வேண்டியிருந்தது.

தலைமை இன்ஜினியர் தன் கோப்பிலிருந்து, தரையில் துளை போட்டு எடுத்த அளவுகளைப் புரட்டிப் பார்த்தார். பை தெருப்பக்கம்தான் என்று அதிலும் இருந்தது. அதைக் காலையிலேயே பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். ஆனால் கண்ணெதிரே கையால் தொடுகிற மாதிரி ஒன்று நிற்கும்போது எண்கள் யாருக்கு ஞாபகம் வரும்? அதை அவரே வாய்விட்டுச் சொன்னார். நல்ல மனுஷி.

கண்ணாடிக்காரர் திடீரென்று கருவிக்கு அடியில் புகுந்தார். வெளியே வந்தபோது முகம் வெளிறியிருந்தது. காலையில் வயர்களை மாட்டும்போது இடதும் வலதும் மாறிவிட்டன. இடது கண்ணுக்குப் போக வேண்டிய படம் வலது கண்ணுக்குப் போயிருக்கிறது. அதனால் முன்னால் இருப்பது பின்னாலும் பின்னால் இருப்பது முன்னாலும் தெரிந்திருக்கிறது என்று மென்று விழுங்கிச் சொன்னார். எந்தப் பொருளும் எதையும் மறைக்காத படம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இரண்டு வயரையும் மாற்றி மாட்டினார். எல்லோரும் மறுபடி கண்ணாடி போட்டார்கள். பை சாதுவாகத் தெருப்பக்கம் வந்து உட்கார்ந்திருந்தது. ஒருவர் கைதட்டக்கூடச் செய்தார்.

மேலாளர் பெருமூச்சு விட்டார். போன உயிர் திரும்பி வந்த தோரணையில், சரியாகிவிட்டது, இனிப் பிரச்சினை இல்லை, கேமராவைப் பழையபடி நிறுத்திவைத்த கோணத்துக்கே கொண்டுவாருங்கள் என்றார். பிறகு நல்ல வார்த்தையாகவே, நன்றி சொல்கிற குரலிலேயே, இன்றைக்கு அவள் பெரிய உதவி செய்ததாகவும், நாளைக்கு அச்சுப் பிரிவில் எல்லோரும் அவளுக்காகக் காத்திருப்பதாகவும் சேர்த்துக்கொண்டார்.

அவள் ஒரு கணம் அசந்துதான் போனாள். இவ்வளவுக்கும் பிறகுமா என்று இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் ஒரு கணக்கு இருந்தது. தப்பு வயரில், வயரை மாற்றியாயிற்று, ஆகவே அவள் வேண்டியதில்லை. இன்றைக்குக் காப்பாற்றிக் கொடுத்ததற்காக என்னை வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டால், வயர் ஒழுங்காக இருக்கிற நாளெல்லாம் அவள் தேவையில்லை என்று அவளே ஒப்புக்கொண்டதாகிவிடும். அவள் அப்படிக் கேட்கப்போவதில்லை.

"சார், கண்ணாடி தப்பாப் போச்சுங்கறதுக்காக நான் இங்க உக்காந்திருக்கல. கண்ணாடி சரியா இருந்தாலும் நான் இங்கதான் இருப்பேன். உங்களுக்கு ரெண்டு கண்ணால தெரியுது, எனக்குச் சுத்தினாத் தெரியுது. நீங்க பாக்கறது எப்படிப் பார்வையோ, நான் பாக்கறதும் அப்படிப் பார்வைதான். அச்சு அறைக்கு நான் போக மாட்டேன்."

எல்லோர் முன்னாலும் இப்படிச் சொல்லிவிட்டாளே என்று மேலாளருக்கு முகம் தொங்கிவிட்டது. அப்படியானால் எழுத்துமூலம் உத்தரவு கொடுக்க வேண்டியிருக்கும் என்று கொஞ்சம் விறைப்பாகச் சொன்னார்.

"குடுங்க சார். காரணம்னு ஒரு வரி எழுதணும்ல? எது முன்னால இருக்கு எது பின்னால இருக்குன்னு எனக்குத் தெரியாதுன்னு எழுதுங்க. இப்பவே எழுதுங்க, இவங்க எல்லாரும் இருக்கும்போதே எழுதுங்க. சாட்சிக் கையெழுத்து மேடம் போடுவாங்க."

தலைமை இன்ஜினியர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. சிரிக்கவும் இல்லை. மேலாளரையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலாளர் சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தொட்டார், எடுக்கவில்லை. திரையைப் பார்த்தார். கண்ணாடிக்காரரைப் பார்த்தார், அவர் வயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மவுஸிலிருந்து கையை எடுக்கவில்லை. எடுக்கச் சொன்னால் விரல் விரலாகத்தான் பிரிக்க வேண்டியிருக்கும் என்பது பார்த்தவர்களுக்கெல்லாம் புரிந்தது.

கடைசியில் மேலாளர் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அதை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அது அவர் பிடிவாதம், இருந்துவிட்டுப் போகட்டும்.

"சரி, சுத்துங்க" என்றார். "ஆனா மெதுவா."

"மெதுவா எல்லாம் எனக்கு வராது சார்" என்றாள்.

பையை மையமாக வைத்துக் கேமராவைச் சுழற்றினாள். தெரு போயிற்று, குன்று வந்தது, அடியில் இறங்கி அண்ணாந்து பார்த்து, மறுபடி மேலே ஏறினாள். பாதையைக் குன்றுப்பக்கம் எவ்வளவு வளைக்கலாம் என்று தலைமை இன்ஜினியர் கேட்டுக்கொண்டே வந்தார், அவள் நிறுத்தாமல் காட்டிக்கொண்டே போனாள். நடுவில் ஒருமுறை தலையைத் திருப்பினாள். மேலாளருக்குத் தலை சுற்றத் தொடங்கியிருந்தது. நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தபடி, கண்ணாடியைக் கழற்றாமல், யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து, அதற்குள்ளேயே ஒரு விரலை நுழைத்து இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.